ரயில் வருது, சரி... ஸ்டாப் எங்கே?

போன வாரம் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா ஒரு செய்தி சொன்னாங்க. "நம்ம தெரு முனையிலிருந்து கொஞ்ச தூரத்துல ஸ்டேஷன் வருதாம். இனிமே நீ ஆபீஸ் போக பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிக்க வேணாம்." அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஸ்டேஷன் வரும். அதுக்கு முன்னாடி வாடகை ஏறும். நாம இங்க இருப்போமான்னு பார்ப்போம்."

ஒரே செய்தி. அம்மாவுக்கு நிம்மதி, அப்பாவுக்குப் பயம். ரெண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அந்த ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேட ஆரம்பித்தேன். 'ஸ்டேஷன் வருவதற்கு முன்பே, அங்கே ஏற்கெனவே வாழ்கிற ஜனங்களை மனசில் வைத்துத் திட்டம் போட்ட ஊர் எங்கேயாவது இருக்கா?' தேடிப் போன இடம், உலகத்தின் அந்தக் கோடியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தலைநகர் செயின்ட் பால். மக்கள்தொகை சுமார் 3 லட்சம். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போவதெல்லாம் அங்கே சாதாரணம். அந்தக் குளிரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஒரு மைல் கணக்கு

செயின்ட் பாலையும் பக்கத்து நகரமான மினியாபொலிஸையும் இணைக்கும் முக்கியமான சாலை யுனிவர்சிட்டி அவென்யூ. அந்தச் சாலையின் நடுவில் லைட் ரயில் விடுவது என்று முடிவானது. லைட் ரயில் என்றால் பெரும்பாலும் பாலத்திலோ சுரங்கத்திலோ போகாமல், சாலை மட்டத்திலேயே தனித் தண்டவாளத்தில் சிக்னல் பார்த்துப் போகிற மின்சார ரயில். மொத்தம் 11 மைல், அதாவது கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். செலவு 95.7 கோடி டாலர். இன்று அதன் பெயர் கிரீன் லைன்.

திட்டத்தின் வரைபடத்தில் ஸ்டாப்களைக் குறித்தார்கள். அவென்யூவின் கிழக்குப் பகுதியில் ஸ்னெல்லிங், லெக்சிங்டன், டேல், ரைஸ் ஆகிய தெருக்கள் அவென்யூவைச் சந்திக்கிற இடங்களில் ஸ்டேஷன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய ஒரு மைல், நம் கணக்கில் 1.6 கிலோமீட்டர்.

ஒரு மைல்தானே என்று தோன்றும். நீங்களே கணக்கு போட்டுப் பாருங்கள். ரெண்டு ஸ்டேஷனுக்கும் சரியாக நடுவில் உங்கள் வீடு என்றால், எந்தப் பக்கம் போனாலும் 800 மீட்டர். வீடு உள்தெருவில் என்றால் அதற்கும் மேலே. கையில் குழந்தை, தோளில் பை, காலுக்குக் கீழே பனி. அதோடு, ரயில் வந்த பிறகு அந்தச் சாலையில் ஓடிக்கொண்டிருந்த 16-ம் நம்பர் பஸ்ஸைக் குறைப்பதாகவும் திட்டம் இருந்தது. அந்த பஸ் கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடத்தில் நிற்கும். ஆக, வீட்டு வாசல் வழியாக ரயில் போகும், ஆனால் நிற்காது. நிற்கிற பஸ்ஸும் குறையும்.

அந்தக் கிழக்குப் பகுதியில் யார் வாழ்ந்தார்கள் என்பதுதான் விஷயம். அவென்யூவின் வடக்கே ஃபிராக்டவுன் என்கிற பகுதி. 1975-க்குப் பிறகு போரினால் லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மோங் இன மக்கள், வியட்நாமியர், பின்னால் வந்த சோமாலியர், ஏற்கெனவே இருந்த கறுப்பினத்தவர், வெள்ளையினத் தொழிலாளர் குடும்பங்கள் எல்லாம் கலந்த இடம். கார் இல்லாத வீடுகள் அதிகம். அவென்யூ ஓரமாக நூடுல்ஸ் கடை, மளிகைக் கடை, நகைக் கடை, முடிதிருத்தகம் என்று குடும்பமே உட்கார்ந்து நடத்துகிற சின்னச் சின்னக் கடைகள். தெற்கே, ரோண்டோ.

ரோண்டோ மறக்கவில்லை

ரோண்டோவின் கதை தெரியாமல் இந்த ரயிலின் கதை புரியாது. செயின்ட் பாலின் கறுப்பின மக்கள் சர்ச், கடை, கிளப் என்று கட்டியெழுப்பிய பகுதி அது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து 1960-கள் வரை அதன் நடுவே ஐ-94 என்கிற நெடுஞ்சாலையைப் போட்டார்கள். ரோண்டோ அவென்யூ என்கிற தெருவே காணாமல் போனது. வீடு இழந்தவை சுமார் 600 கறுப்பினக் குடும்பங்கள் என்று சொல்கிறார்கள். கொடுத்த பணத்துக்கு வேறு நல்ல இடத்தில் வீடு வாங்கலாம் என்றால், கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மறுத்த காலம் அது.

2015-ல் அன்றைய மேயர் கிறிஸ் கோல்மன் நகரத்தின் சார்பில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதற்குள் அந்த வீடுகளில் பிறந்த குழந்தைகளே தாத்தா, பாட்டி ஆகிவிட்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் போய், "உங்கள் தெருவில் ரயில் போடப்போகிறோம், முன்னேற்றம் வரப்போகிறது" என்று சொன்னால் ஜனங்களுக்கு என்ன தோன்றும்? 'முன்னேற்றம்' என்ற வார்த்தையைச் சொல்லித்தானே போன தடவையும் வீட்டை இடித்தார்கள்! 2010-ல் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் செயின்ட் பால் கிளையும் மற்றவர்களும் சேர்ந்து வழக்கே போட்டார்கள். கட்டுமானத்தால் கடைகளுக்கு ஏற்படும் வருமான இழப்பை அரசின் ஆய்வறிக்கை சரியாகப் பார்க்கவில்லை என்று 2011-ல் நீதிபதி சொன்னார். வேலையை மட்டும் நிறுத்தவில்லை.

சூத்திரம் தப்பா, ஜனங்கள் தப்பா?

இனிமேல்தான் சுவாரஸ்யம். நடுவில் விடுபட்ட மூன்று இடங்கள் ஹேம்லின், விக்டோரியா, வெஸ்டர்ன். இந்த மூன்றிலும் ஸ்டாப் வேண்டும் என்று உள்ளூர் அமைப்புகள் சேர்ந்து கூட்டணி கட்டின. பெயர், 'ஸ்டாப்ஸ் ஃபார் அஸ்'. 'எங்களுக்கும் ஸ்டாப்' என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஊரில் 17 வட்டார மன்றங்கள் உண்டு. தெருவாசிகளே உட்கார்ந்து பேசுகிற அமைப்பு அது. அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்ததால் ஆள் சேர்ப்பது சுலபமானது.

அதிகாரிகள் வில்லன்கள் இல்லை. அவர்கள் சொன்ன பதில் ஒரு சூத்திரம். ரயில் செலவில் பாதியை மத்திய அரசு தர வேண்டும். தர வேண்டுமென்றால் திட்டம் ஒரு பரீட்சையில் பாஸாக வேண்டும். போடுகிற பணத்துக்குப் பயணிகளுக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அந்தப் பரீட்சையின் முக்கியமான கேள்வி. ஒரு ஸ்டாப் சேர்த்தால் செலவு கூடும், ரயில் நின்று போவதால் நேரமும் கூடும். ரெண்டு பக்கமும் மார்க் குறையும். மூன்று ஸ்டாப் சேர்த்தால் மொத்தத் திட்டமே ஃபெயில் ஆகிவிடலாம் என்பது அவர்களின் பயம்.

கணக்கு சரிதான். ஆனால் இந்தக் கணக்கில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். ஒரு நகரத்தில் ஏறி இன்னொரு நகரத்தில் இறங்குகிறவரின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பு இருக்கிறது. பனியில் நடந்தே ஆக வேண்டிய மோங் பாட்டிக்கும், ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிற நர்ஸுக்கும் ஸ்டாப் என்றால் வேலை, ஆஸ்பத்திரி, காலேஜ். அதற்கு அந்தத் தாளில் போதிய இடமில்லை.

கூட்டணிக்காரர்கள் ரயிலே வேண்டாம் என்று கோஷம் போட்டிருக்கலாம். போடவில்லை. கணக்குத் தாளைக் கையில் எடுத்தார்கள். எத்தனை வீடுகளில் கார் இல்லை, எத்தனை பேர் பஸ்ஸை நம்பியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். நகராட்சி, மாவட்டம், மாநிலம், வாஷிங்டன் என்று எல்லாக் கதவையும் தட்டினார்கள். முதலில் கிடைத்தது சின்ன வெற்றி. 'இப்போது ஸ்டேஷன் இல்லை. ஆனால் பின்னால் கட்ட வசதியாகத் தரைக்கு அடியில் செய்ய வேண்டிய வேலையை இப்போதே செய்து வைக்கிறோம்' என்றார்கள். அதையும் வாங்கிக்கொண்டார்கள், கேட்பதை நிறுத்தவில்லை.

2010 ஜனவரியில் அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சர் ரே லாஹூட், அந்தப் பரீட்சையின் விதியையே மாற்றுவதாக அறிவித்தார். நேரத்தையும் செலவையும் மட்டும் பார்க்காமல், அந்தப் பகுதி மக்களின் வாழ்க்கைக்கு என்ன நன்மை என்பதையும் பார்ப்போம் என்றார். அதன் பிறகு மூன்று ஸ்டேஷனும் திட்டத்துக்குள் வந்தன. ஃபிராக்டவுன் சண்டை மட்டுமே விதியை மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். விதி மாறிய நாளில் கையில் எல்லாம் தயாராக வைத்திருந்தவர்கள் அவர்கள்.

தோண்டுகிற வருஷங்கள்

ஸ்டாப் கிடைத்துவிட்டது, சுபம் போட்டுவிடலாமா? இல்லை. ரயில் ஓடுவதற்கு முன்பு தோண்ட வேண்டுமே. 2011, 2012 ரெண்டு வருஷமும் யுனிவர்சிட்டி அவென்யூ மண்ணும் தடுப்புமாகக் கிடந்தது. அதைவிட நிரந்தரமான அடி, சாலையோரப் பார்க்கிங்கில் பெரும்பகுதி தண்டவாளத்துக்காக எடுக்கப்பட்டது. கடைக்கு வருகிறவர் வண்டியை எங்கே நிறுத்துவார்? பெரிய நிறுவனம் என்றால் ஆறு மாத நஷ்டத்தைத் தாங்கும். அப்பா கல்லாவிலும் அம்மா அடுப்பிலும் நிற்கிற நூடுல்ஸ் கடை ஒரு மாதம் தாங்குமா?

அதற்கும் ஒரு வழி செய்தார்கள். 'ரெடி ஃபார் ரயில்' என்ற பெயரில் சின்னக் கடைகளுக்கு 20,000 டாலர் வரை கடன். கட்டுமானத்தால் வியாபாரம் குறைந்ததைக் காட்ட வேண்டும். இதில் எனக்குப் பிடித்த நிபந்தனை ஒன்று உண்டு. கடை அந்த வழித்தடத்திலேயே தொடர்ந்து நடந்தால் கடன் தள்ளுபடி. அதாவது 'பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்' என்ற ரகம் இல்லை இது. 'இங்கேயே இருங்கள், இருந்தால் திருப்பித் தர வேண்டாம்' என்ற ரகம். நெடுஞ்சாலைக் காலத்தில் ரோண்டோவுக்குக் கிடைக்காத வார்த்தை.

இன்னொரு பக்கம், வழித்தடத்துக்காகப் பல அறக்கட்டளைகள் பணத்தை ஒன்றாகப் போட்டு 2007-லேயே ஒரு கூட்டு நிதியம் ஆரம்பித்திருந்தன. ரயில் வருவதற்கு 7 வருஷம் முன்பு! கணக்கு எழுதுவது, விளம்பரம் செய்வது எப்படி என்று கடைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைகளும் நடந்தன. எல்லாக் கடையும் பிழைத்ததா என்றால், இல்லை. சில கடைகள் மூடத்தான் செய்தன. உதவி வந்தாலும் பழைய வாடிக்கையாளர் அத்தனை பேரும் திரும்பி வந்துவிடுவதில்லை.

மூன்று ஸ்டாப், மூன்று காட்சி

2014 ஜூன் 14-ம் தேதி கிரீன் லைன் ஓட ஆரம்பித்தது. போராடி வாங்கிய ஸ்டாப்களைச் சுற்றி என்ன நடந்தது என்று பார்ப்போம்.

வெஸ்டர்ன்: மோங், வியட்நாமிய, மற்ற ஆசியக் கடைக்காரர்கள் சேர்ந்து தங்கள் பகுதிக்கு 'லிட்டில் மீகாங்' என்று பெயர் வைத்தார்கள். மீகாங், அவர்களின் சொந்த ஊர்ப் பக்கம் ஓடுகிற ஆறு. ஆசியப் பொருளாதார மேம்பாட்டுச் சங்கம் என்கிற உள்ளூர் அமைப்பு இதற்குத் துணை நின்றது. ரயில் ஓட ஆரம்பித்த அதே வருஷம் அங்கே இரவுச் சந்தையும் தொடங்கியது. ரயில் வந்தால் தங்கள் அடையாளம் அழிந்துவிடுமோ என்று பயந்தவர்கள், அந்த அடையாளத்தையே போர்டாக எழுதி ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைக் கூப்பிட்டார்கள். ஸ்டேஷன் பக்கத்திலிருந்த பழைய பால் கம்பெனிக் கட்டடம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீடுகளாக மாறியது.

ஹேம்லின்: கார் ஷோரூம் இருந்த இடத்தில் 108 வீடுகள். எல்லாம் கட்டுப்படியாகும் வாடகைக்கு. கட்டியது லாப நோக்கமில்லாத அமைப்பு. ஸ்டேஷன் வாசலில் நிலம் விலை ஏறி, கண்ணாடிக் கட்டடம் வந்திருக்க வேண்டிய இடம் அது.

விக்டோரியா: இங்கே சொல்ல பெரிய கட்டடக் கதை இல்லை. ரோண்டோவின் பழைய தெருக்களும் ஃபிராக்டவுனும் அவென்யூவின் ரெண்டு பக்கமும் இருக்க, நடுவில் ஒரு ஸ்டாப். ரயில் நிற்கிறது, ஜனங்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். முதலில் போட்ட வரைபடத்தில் இவர்கள் யாரும் இல்லை. அதுவே போதாதா?

இதற்கு அடுத்த ஸ்டாப் டேல். அங்கே ரயில் வருவதற்கு முன்பே, நான்கு உள்ளூர் அமைப்புகள் சேர்ந்து ஃபிராக்டவுன் ஸ்கொயர் என்ற கட்டடத்தைக் கட்டிவிட்டன. கீழே கடைகள், மேலே முதியோருக்கு 50 வீடுகள். நிலம் விலை ஏறும் முன்பு வாங்கினால்தான் இது நடக்கும்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் உண்டா?

முழுப் பதில் அங்கேயும் இல்லை. ஸ்னெல்லிங் பக்கம் 2019-ல் பெரிய கால்பந்து மைதானம் வந்தது. மைதானமும் ரயிலும் வாடகையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்ற பேச்சு இன்றும் ஓய்ந்தபாடில்லை. 2021 நவம்பரில் செயின்ட் பால் நகர மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, வாடகையை வருஷத்துக்கு 3 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று முடிவு செய்தார்கள். நகரம் முழுவதற்குமான விதி அது. புது வீடு கட்டுவது குறைந்துவிடும் என்ற எதிர்ப்பு கிளம்பியதால் பின்னால் புதுக் கட்டடங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அங்கேயும் வாடகை சுலபமான விஷயமில்லை.

ஆனாலும் இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. பலதரப்பட்ட ஜனங்கள் வாழ்கிற இடத்தை அழகான படத்தால் காப்பாற்ற முடியாது. திட்டப் படங்களில் எப்போதும் மரம் இருக்கும், சைக்கிள் இருக்கும், பலூன் பிடித்த குழந்தை இருக்கும். அந்தக் குழந்தையின் வீட்டு வாடகை எவ்வளவு என்று படத்தில் இருக்காது. அதைக் கேட்க வேண்டியது நாம்தான். கேட்க வேண்டிய நேரம், முதல் கடப்பாரை விழுவதற்கு முன்பு.

என்ன கேட்பது? செயின்ட் பால் ஜனங்கள் கேட்டதையே கேட்கலாம். ரயில் எங்கே நிற்கும்? நடந்து வர யாருக்கு எவ்வளவு தூரம்? ரயில் வந்ததும் எந்த பஸ் குறையும்? தோண்டும் காலத்தில் சின்னக் கடைக்கு யார் பொறுப்பு? ஸ்டேஷன் பக்கத்து நிலத்தில் எவ்வளவு இடம் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு? கூட்டம் எந்த மொழியில், எத்தனை மணிக்கு நடக்கும்? காலை 11 மணிக்கு, புரியாத மொழியில் நடத்தினால் கடைக்காரரும் வர மாட்டார், கூலி வேலைக்குப் போகிறவரும் வர மாட்டார். அங்கே மோங் மொழியிலும் சோமாலி மொழியிலும் பேசத் தெரிந்தவர்களைக் கடை கடையாக அனுப்பினார்கள் என்பது சின்ன விஷயமில்லை.

இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம ஸ்டேஷனோட மேப் எங்க கிடைக்கும்?" என்று கேட்டாங்க. அப்பா மறுபடியும் தட்டைப் பார்த்தார். ஆனால் கை கழுவிவிட்டு வந்ததும் என் போனைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரெண்டு விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கினார். எங்கள் தெருவைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஸ்டேஷன் வரை விரலால் அளந்தார்.

"சந்து வழியா போனா ஏழு நிமிஷம். சந்தை அடைச்சுட்டா பதினஞ்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சந்தை அடைப்பாங்களான்னு யார்கிட்ட கேக்கணும்?" என்றார்.

நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். ரெண்டு பேரும் கேட்கப் போகிறோம். உங்கள் தெருப் பக்கம் ஸ்டேஷன் வருவதாகப் பேச்சு இருந்தால், வரைபடத்தை ஒரு தடவை திறந்து, உங்கள் வாசலிலிருந்து நடந்து பாருங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்!